முறுக்குக்கு ஒரு முகவரி

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நேயர் அழைப்புகளின் நிறம் மாறிவிடும். பாட்டு கேட்க அழைக்கிறவர்கள் குறைந்து, பலகாரம் செய்கிறவர்கள், புடவை விற்கிறவர்கள், மருதாணி போடுகிறவர்கள் எனச் சிறு வியாபாரிகள் வரிசை கட்டுவார்கள். அரை நிமிடம் கிடைத்தால் போதும், என்ன விற்கிறோம், என்ன விலை, எதுவரை ஆர்டர் எடுப்போம் என்று கடகடவென்று சொல்லிவிடுவார்கள். கடைசியில் நான், "உங்களை எங்கே தேடுறது?" என்று கேட்பேன். அங்கேதான் வண்டி நிற்கும்.

"முகநூல்ல தேடுங்கண்ணா. பி, ஏ, எல், ஏ, கே... இல்ல, கே இல்ல, ஜி. அப்புறம் கீழ ஒரு கோடு. கடைசியில ரெண்டு எட்டு."

கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்கிற நேயருக்கு இதில் என்ன நினைவில் நிற்கும்? வீட்டுக்குப் போய்த் தேடினால் அதே பெயரில் பத்துப் பக்கங்கள் வரும். அரை நிமிட விளம்பரத்தில் ஆர்டர் வேறு யாருக்கோ போய்ச் சேரும்.

சிறு வியாபாரத்துக்குச் சொந்தமாக ஓர் இணையத்தளம் வேண்டும் என்று நான் வாயலுத்துச் சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, கிள்ளானில் இருக்கும் என் அண்ணிக்கு நேர்ந்தது.

அண்ணி ஐந்து ஆண்டுகளாக வீட்டிலிருந்து முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, அதிரசம் செய்து விற்கிறார். எல்லாம் ஒரு சமூக ஊடகப் பக்கம் வழியாகத்தான். ஒரு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தப் பக்கம் பூட்டப்பட்டது. விதிமீறல் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. என்ன விதி, எப்படி மீறினார் என்பதற்குப் பதில் இல்லை. முறையிட்டால் இயந்திரம் பதில் போட்டது. ஐந்தாண்டுப் படங்கள், பாராட்டுகள் போனதுகூடப் பரவாயில்லை. முன்பதிவு செய்தவர்களின் பட்டியல் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. பணம் கட்டியவர்களை மட்டும் 555 நோட்டில் எழுதி வைத்திருந்தார். மற்றவர்கள் யார், எத்தனை டின் கேட்டார்கள் என்று எதுவும் வெளியே இல்லை. மாவு அரைத்தாகிவிட்டது, நெய் வாங்கியாகிவிட்டது. பள்ளி தொடங்கும்போது வரும் செலவுகளுக்கு அந்த வீட்டில் தீபாவளிப் பணம்தான் கணக்கு. தீபாவளி முடிந்து பதினொரு நாள் கழித்துப் பக்கம் தானாகத் திரும்பி வந்தது. ஏன் போனது, ஏன் வந்தது என்று இன்றுவரை தெரியாது.

இது புதுக் கதையும் இல்லை. என் வயதுக்காரர்களுக்கு ஃபிரெண்ட்ஸ்டர் நினைவிருக்கும். 2009-இல் நம் நாட்டின் எம்ஓஎல் நிறுவனம் அதை வாங்கியது. 2011-இல் அது விளையாட்டுத் தளமாக மாறியபோது பயனர்களின் பழைய படங்களும் பதிவுகளும் அழிக்கப்பட்டன. அதே போல, கூகல் வணிகப் பக்கத்தோடு இலவசமாகக் கிடைத்த சின்ன இணையத்தளங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. அந்த முகவரியை நம்பிப் பெயரட்டை அச்சடித்த கடைக்காரர்கள் எத்தனை பேரோ.

பொங்கலுக்குப் பிறகு அண்ணி வீட்டில் மூன்று மாலைகள் உட்கார்ந்தோம். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: மௌஸ் அவர் கையில்தான் இருக்க வேண்டும். "தம்பி, எனக்கு இங்கிலீஷே தட்டுத் தடுமாறித்தான் வரும். நான் எங்க வெப்சைட் செய்யிறது?" என்றார். புலனத்தில் படம் போடத் தெரிந்த, வங்கிச் செயலியில் பணம் மாற்றத் தெரிந்த யாருக்கும் இது முடியும். செய்து கொடுக்க ஆள் கிடைப்பார்கள்தான். ஆனால் விலையில் இரண்டு வெள்ளி மாற்ற ஒவ்வொரு முறையும் அவரைத் தேட வேண்டியிருக்கும்.

முதல் மாலை கணினியைத் திறக்கவே இல்லை. அண்ணியின் புலனத்தைத் திறந்து, ஆறு மாதத்தில் வந்த கேள்விகளை ஒரு தாளில் எழுதினோம். ஒரு டின்னில் எத்தனை இருக்கும்? அச்சு முறுக்கில் முட்டை சேர்க்கிறீர்களா? விரதத்துக்கு வாங்குகிறவர்கள் எல்லாரும் இதைக் கேட்டிருந்தார்கள். என்ன எண்ணெய்? எத்தனை நாள் தாங்கும்? ஜொகூருக்கு அனுப்புவீர்களா, உடையாமல் வருமா? கடைசித் தேதி என்ன? ஒரே பதிலை அவர் நூறு பேருக்குத் தனித்தனியாகத் தட்டச்சு செய்திருந்தார். அந்தத் தாள்தான் இணையத்தளத்தின் முக்கால் பங்கு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் நிறமும் எழுத்துருவும் தேடி வாரக்கணக்கில் அலைகிறார்கள். வாடிக்கையாளர் கேட்பது முட்டை இருக்கிறதா என்றுதான்.

இரண்டாம் மாலை பெயர். இதில்தான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது 'க'வுக்குக் கேயா, ஜியா? 'ழ'வுக்கு இசட்எச்சா, எல்லா? முறுக்குக்கு ஒரு கேயா, இரண்டா? அண்ணி ஆசைப்பட்ட 'சுவையமுதம்' என்ற பெயரை எங்கள் மூவரையும் தனித்தனியாக எழுதச் சொன்னார் அண்ணன். மூன்று விதமாக வந்தது. அதோடு அந்தப் பெயர் போயிற்று.

நான் சொன்னது வானொலிச் சோதனை. தொலைபேசியில் ஒருவரை அழைத்துப் பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். எழுத்துக் கூட்டாதீர்கள். அவர் தட்டச்சு செய்து காட்டட்டும். நாங்கள் அண்ணியின் அம்மாவிடமும், பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டியிடமும், ஒரு மலாய் வாடிக்கையாளரிடமும் சோதித்தோம். ஐந்தாவது பெயரை மூவரும் ஒன்றுபோல எழுதினார்கள். இரண்டு சின்னச் சொற்கள், நடுவில் கோடு இல்லை, எண் இல்லை. அதை இங்கே சொன்னால் விளம்பரமாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

பெயருக்குப் பின்னால் என்ன வால் வைப்பது? டாட் மை முகவரிகளை நிர்வகிப்பது மைநிக் நிறுவனம். நேரடி டாட் மை முகவரியைத் தனிநபர்களும் எடுக்கலாம். டாட் காம் டாட் மை வேண்டுமானால் வணிகப் பதிவு இருக்க வேண்டும். அந்தப் பதிவை எப்படியும் செய்தாக வேண்டும். தீபகற்ப மலேசியாவில் வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்-இல் பதிய வேண்டும் என்பது சட்டம். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60. வீட்டிலிருந்தபடியே இணையத்தில் செய்யலாம். வெறும் டாட் காம் போதும் என்றால் ஆண்டுக்குச் சுமார் ஐம்பது, அறுபது ரிங்கிட் ஆகும். 'முதலாண்டு ஐந்து வெள்ளி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். இரண்டாம் ஆண்டு என்ன விலை என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முகவரியை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணில் பதியுங்கள். எனக்குத் தெரிந்த துணிக்கடைக்காரர் ஒருவர் தளம் செய்து கொடுத்த இளைஞரிடமே பதிவையும் விட்டார். இளைஞர் தன் பெயரில் பதிந்தார். பிறகு வேலை மாறிப் போனார், எண்ணும் மாறியது. ஓராண்டு கட்டணம் தவறியது. முகவரி காலாவதியாகி வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். கடைப் பலகை, ரசீது, துணிப்பை எல்லாவற்றிலும் அந்த முகவரி இன்னும் அச்சாகியிருக்கிறது. திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. டாட் காம் முகவரி காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் பதிவாளர் கேட்கும் மீட்புக் கட்டணம் பழைய ஆண்டுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு இருக்கும், பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கேட்கவும் முடியும்.

அடுத்து, எதில் கட்டுவது. வேர்ட்பிரஸ் 2003 முதல் இருக்கிறது. மென்பொருள் இலவசம், உலகில் எண்ணற்ற தளங்கள் அதில் ஓடுகின்றன. ஆனால் அதைச் சொந்தமாக நடத்த, வாடகைக்கு ஒரு வழங்கி இடம் எடுக்க வேண்டும், துணைச் செருகிகளை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டால் திருடன் நுழையப் பின்கதவு திறந்திருக்கும். இரவு பதினொரு மணிவரை எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிற ஒருவருக்கு இது வேண்டாத வேலை. பத்துப் பொருளுக்குக் கீழே விற்கிறவர்களுக்கு இழுத்துப் பொருத்தும் ஆயத்தக் கருவிகளே போதும் என்பது என் கட்சி. கூகல் சைட்ஸ் போன்ற இலவசக் கருவியிலும் சொந்த முகவரியை இணைக்க முடியும். கணினி படித்த நண்பர்கள் இதற்கு என்னிடம் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். நாளைக்கு அந்தக் கருவியும் மூடப்பட்டால்? முகவரி அண்ணியுடையது. எழுதியதும் படங்களும் வீட்டுக் கணினியில் ஒரு கோப்புறையில் தனியாக இருக்கின்றன. வேறு கருவியில் புதிதாக அடுக்கி, அதே முகவரியை அங்கே திருப்பிவிட்டால் வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது.

முகவரியை இணைத்தவுடன் அண்ணி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தார். "ஒண்ணும் வரலையே தம்பி, கெடுத்துட்டேனா?" கெடவில்லை. புது முகவரி எங்கே இருக்கிறது என்ற செய்தி இணையம் முழுக்கப் பரவச் சில மணி நேரம் ஆகும், சில வேளை இரண்டு நாள்கூட ஆகலாம். மறுநாள் காலை தோசை ஊற்றும்போது திறந்தது என்று குரல் பதிவு அனுப்பினார். முகவரிக்கு முன்னால் பாதுகாப்புச் சான்று இயங்குகிறதா என்பதை மட்டும் பாருங்கள். 2018 ஜூலையிலிருந்து குரோம் உலாவி சான்று இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று காட்டுகிறது. பெரும்பாலான கருவிகள் அதை இலவசமாகவே தருகின்றன. தனியாகப் பணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

மூன்றாம் மாலை படங்களும் எழுத்தும். படத்துக்கு ஒளிப்படக்காரர் தேவைப்படவில்லை. காலை ஒன்பது மணிக்குச் சன்னல் ஓரம், வெள்ளைத் தட்டு, கைப்பேசி. மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தால் முறுக்கு கருகியதுபோலத் தெரியும். கைப்பேசிப் படம் ஒவ்வொன்றும் மூன்று, நான்கு மெகாபைட் இருக்கும். அப்படியே ஏற்றினால் தோட்டப்புறத்தில் இணைய வேகம் குறைந்த இடத்தில் பார்ப்பவருக்குப் பக்கம் திறப்பதற்குள் பசியே போய்விடும். 1,200 படப்புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, இருநூறு கிலோபைட் அளவில் வைத்தோம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

நம்மவர்கள் வழக்கமாகச் செய்கிற ஒன்று, விலைப்பட்டியலைப் பளபளவென்று சுவரொட்டிபோல வடிவமைத்து ஒரே படமாகப் போட்டுவிடுவது. கைப்பேசியில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். தேடுபொறியும் முதலில் பார்ப்பது பக்கத்தில் எழுத்தாக இருப்பதைத்தான். அதனால் பெயர், எடை, விலை எல்லாம் எழுத்தாகவே இருக்கட்டும்.

எழுத்து என்று வந்ததும் அச்சு முறுக்கில் நின்றோம். நமக்கு அது அச்சு முறுக்கு. மலாய்க்காரர்களுக்கு குவே லோயாங், சில ஊர்களில் குவே ரோஸ். ஆங்கிலம் பேசும் சீனர்களுக்குப் பீஹைவ், தேன்கூடு. சீனப் புத்தாண்டுக்கு அவர்கள் வீட்டு மேசையிலும் அது இருக்கும். பொருள் ஒன்று, தேடுகிறவர்கள் தட்டுகிற சொல் மூன்று. அச்சு முறுக்கு என்று மட்டும் எழுதினால் மற்ற இரண்டு கூட்டத்துக்கும் அண்ணி இருப்பதே தெரியாது. மூன்று பெயர்களையும் தலைப்பிலேயே வைத்தோம். நாட்டில் இப்படி எத்தனையோ பொருள்கள் இருக்கின்றன. ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தேயைத் தமிழில் தேடுகிறவரைவிட மலாயில் தேடுகிறவர்தான் அதிகம் இருப்பார் என்று நினைக்கிறேன்.

சட்டப் பகுதியைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், ஆனால் தாண்டிப் போகவும் முடியாது. 2013 ஜூலையிலிருந்து மின்வணிக விதிமுறைகள் நடைமுறையில் இருக்கின்றன. இணையத்தில் விற்கிறவர் தம் பெயர் அல்லது நிறுவனப் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் விவரம், அனுப்பும் செலவு உட்பட முழு விலை, கட்டும் முறை, நிபந்தனைகள், எப்போது வந்து சேரும் என்பவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும். விலையை மறைத்து 'பிஎம் செய்யவும்' என்று போடும் வியாபாரிகள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, எண்களை எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பை 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்கிறது. அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். நான்கு வரி போதும். சான்றிதழ் இல்லாமல் ஹலால் முத்திரை போடுவது குற்றம். அண்ணி என்னென்ன சேர்க்கிறார் என்பதை எழுதினார்: அரிசி மாவு, முட்டை, தேங்காய்ப் பால், சீனி, செம்பனை எண்ணெய். ஹலால் சான்றிதழ் இன்னும் எடுக்கவில்லை என்பதையும் எழுதினார். வாங்குகிறவர் தானே முடிவு செய்துகொள்ளட்டும் என்றார். எனக்குப் பிடித்திருந்தது.

பணம் கட்டும் வசதியை முதல் நாளிலேயே தளத்துக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. மாதத்துக்கு இருபது, முப்பது ஆர்டர் வருகிறவருக்குப் புலனப் பொத்தான் ஒன்றும் டுயிட்நவ் கியூஆர் படம் ஒன்றும் தாராளம். பொத்தானில் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு, கோடு, இடைவெளி, கூட்டல் குறி எதுவும் இல்லாமல் கொடுக்க வேண்டும். நம் கைப்பேசி எண்ணுக்கு முன்னால் ஒரு 6 சேர்த்தால் சரியாக வரும். ஆர்டர் வந்ததும் அண்ணி 555 நோட்டில் எழுதுகிறார். அந்தப் பழக்கத்தை மாற்ற நான் முயலவில்லை. இப்போது பணம் கட்டாதவர்களையும் சேர்த்து எழுதுகிறார் என்பதுதான் வித்தியாசம்.

கூகல் வரைபடத்தில் வணிகப் பக்கம் திறப்பது இலவசம், அதில் தளத்தின் முகவரியைக் கொடுத்துவிடலாம். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்கு ஒரு சொல்: வீட்டு முகவரியை மறைத்து, எந்த வட்டாரங்களுக்குச் சேவை என்பதை மட்டும் காட்ட அதில் வழி இருக்கிறது. பதிவு செய்யும்போதே மறைத்துவிடுங்கள். இரவு எட்டு மணிக்கு முன்பின் தெரியாதவர் வாசலில் வந்து நின்று முறுக்கு இருக்கிறதா என்று கேட்ட பிறகு மறைப்பதைவிட அது மேல்.

இதனால் வியாபாரம் இரட்டிப்பானதா என்று கேட்பீர்கள். இல்லை. பழைய வாடிக்கையாளர்கள் இப்போதும் புலனத்தில்தான் வருகிறார்கள். சமூக ஊடகப் பக்கத்தையும் அண்ணி விடவில்லை. புதுப் பலகாரம் செய்தால் படம் அங்கேதான் முதலில் போகிறது, கீழே தளத்தின் முகவரியோடு. ஆனால் 'எவ்வளவு', 'முட்டை இருக்கா' என்ற கேள்விகள் அருகிவிட்டன. அடுத்த தீபாவளிக்கு என் நிகழ்ச்சிக்கு அவர் அழைக்கவில்லை, குடும்பத்தாரை ஒலிபரப்பில் சேர்ப்பது எனக்கும் கூச்சம். கோயிலில் தெரிந்தவர்களிடம் வாய்வழியாகவே இரண்டு சொல்லைச் சொன்னார். அவர்கள் நினைவில் வைத்துத் திறந்தார்கள். இந்தச் சீனப் புத்தாண்டுக்கு இரண்டு வாரம் முன்னால் ஷா ஆலாமில் ஓர் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. பீஹைவ் என்று தேடிப் பார்த்துத் தளத்துக்கு வந்திருக்கிறார்கள். இருபத்துமூன்று டின். வழக்கமாக அந்த மாதங்களில் அச்சுக் கரண்டி அலமாரியில் தூங்கும்.

இப்போது தமிழ்ப் பக்கம் ஒன்று செய்துகொண்டிருக்கிறார். ஆங்கிலமும் மலாயும் போதாதா என்று அண்ணன் கேட்டார். "எங்கம்மா படிக்க வேணாமா?" என்றார் அண்ணி. தமிழை இணையத்தில் ஏற்றுவதற்கு இந்த வட்டாரத்துக்காரர்கள் ஒரு காலத்தில் எவ்வளவு மெனக்கெட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தொண்ணூறுகளில் உழைத்தார். நம் நாட்டில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் எண்பதுகளிலேயே பிறந்துவிட்டது. அன்றைக்கு எழுத்துருவைத் தனியாக இறக்கிப் பொருத்தாவிட்டால் திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். இன்று எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தானாக வருகிறது. சிங்கப்பூரில் முகவரியின் வாலையே '.சிங்கப்பூர்' என்று தமிழில் பதிய முடிகிறது. நம் நாட்டுக்கு ஜாவி எழுத்தில் ஒரு வால் உண்டு, தமிழில் இல்லை.

தமிழ்ப் பக்கத்தில் விவரங்களை அண்ணியே எழுதுகிறார், கடகடவென்று போகிறது. ஆங்கிலப் பக்கத்தில் மட்டும் அதிரசத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று முடிவாகாமல் இருக்கிறது. 'இந்தியன் டோநட்' என்று போடலாமே என்றாள் அண்ணன் மகள். அண்ணி பார்த்த பார்வையில் அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.